வேம்பாரில் வாங்கிய வெல்லம்

எங்கள் ஊரில் தண்ணீர் என்பது லாரியில் வருவது. குடத்தில் பிடிப்பது. பிடிக்கும்போது சண்டை போடுவது. அதன்மேல் மிதக்கலாம் என்ற யோசனை ஒரு சாத்தூர்க்காரனுக்கு வரவே கூடாது. எனக்கு வந்தது.

என் பெயர் செழியன். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். 2005 கடைசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கோ ஒரு அரிசி மண்டிக்காரர் தன் காலண்டருக்குப் படகுப் படம் கேட்டிருந்தார். நீல ஏரி, தூரத்தில் மலை, நடுவில் ஒரு வெள்ளைப் படகு. படகில் ஆள் இல்லை. அந்தப் படம் நாள் முழுக்க என் கண் முன்னால் தாள் தாளாக வந்து விழுந்தது. பார்க்கப் பார்க்க, அந்தப் படகு எனக்காகத்தான் காலியாக நிற்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து மழை. அந்த வருஷம் மேகத்துக்கு எங்கள் மாவட்டம் அடையாளம் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. வேறு ஊர் என்று நினைத்துக் கொட்டித் தீர்த்தது. ஊருக்குத் தெற்கே கருவேலமரம் முளைத்துக் கிடந்த கண்மாய் கரை தட்ட நிரம்பியது. ஒரு சாயங்காலம் கரையில் போய் நின்றேன். நீலத் தண்ணீர். காற்றுக்குச் சின்னச் சின்ன அலை. காலண்டரில் இருந்ததெல்லாம் இருந்தது. படகு மட்டும் இல்லை.

ஒரு வள்ளம் வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருப்பது ஞாபகம் வந்தது.

என் மனைவி பொன்னுத்தங்கம் கத்துகிறவள் இல்லை. கத்தினால் எவ்வளவோ நல்லது. நானும் பதிலுக்குக் கத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். அவள் கேள்வி கேட்பாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, அரிசியில் கல் பொறுக்குவது போல. சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். அடுக்கும் கட்டையில் ஒரு குச்சி கோணலாக இருந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். என் முகத்தில் பொய் இருந்தால் சொல்லவே வேண்டாம். இப்போது எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. எங்கள் வீட்டுக்கும் அவள்தான். அதற்குத் தேர்தல் நடந்ததில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. இருக்கன்குடிக்குச் சாமி கும்பிடப் போனபோது ஆற்றில் வழுக்கி விழுந்து, யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து வாளித் தண்ணீரில் குளித்தாலும் "பாத்து" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். இவளிடம் போய் எனக்கு ஒரு வள்ளம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் வாங்கிவிட்டால், வந்து நிற்கிற வள்ளத்தை அவளால் என்ன செய்ய முடியும்? அதுதான் என் திட்டம்.

அச்சகத்துக்குப் பேப்பர் லோடு கொண்டுவரும் டிரைவர் ஒருவர் வேம்பாரில் அய்யாதுரை என்பவரின் நம்பரைக் கொடுத்தார். கடற்கரைக்காரர். அவரிடம் சின்ன பைபர் வள்ளம் ஒன்று விலைக்கு இருந்தது. வீட்டுப் போனில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, வள்ளத்தை எப்ப வந்து எடுத்துக்கிடட்டும்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டேன். திரும்பினால் நிலைப்படியில் பொன்னுத்தங்கம்.

"என்ன வள்ளம்?"

"வள்ளமா? வெல்லம்."

"வெல்லமா?"

"பொங்கல் வருதுல்ல. இப்பவே சொல்லி வச்சாத்தான் நல்ல வெல்லம் கெடைக்கும்."

"எங்கன சொல்லி வச்சீக?"

"வேம்பார்ல." ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"வேம்பார் கடக்கரையில கரும்பு போடுறாகளா?"

"கருப்பட்டி. அதுவும் பனை வெல்லந்தான."

"அப்பக் கருப்பட்டின்னு சொல்ல வேண்டியதுதான."

"அங்கன வெல்லம்னாத்தான் புரியும்."

"சரி" என்றாள். திரும்பிப் போய்விட்டாள். அவள் சொல்லும் 'சரி'க்குச் சரி என்று அர்த்தம் கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் அதை மறந்துபோனேன்.

மறுநாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"குழுவுல சொன்னேன். எல்லாருக்கும் வேணுமாம்."

"என்னது?"

"உங்க வெல்லம். ஆளுக்கு ஒரு ஓலைக் கொட்டான் வாங்கியாந்துருங்க."

பொய்க்கு எடை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் பொய் கொட்டான் கொட்டானாகக் கனக்க ஆரம்பித்தது.

வள்ளத்தைக் கொண்டுவர லாரி பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். என்னிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. அதன் கூரைமேல் ஒரு கேரியர் போட்டுவிட்டால் போதும். கேரியரை நானே செய்வது என்று தீர்மானித்தேன். பக்கத்துத் தெருவில் அசன் முகம்மது கிரில் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் மாமா, மாப்ளே என்று பழகுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவியைக் கேட்டேன்.

"மாப்ளே, அச்சடிக்கிற கைக்கு வெல்டிங் எதுக்கு? நான் அடிச்சுத் தாரேன்."

"வேண்டாம் மாமா. நீங்க செஞ்சா உங்க வீட்டுல சாலிஹா அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா பொன்னுத்தங்கத்துக்குத் தெரியும்."

"என் பட்டறையில வச்சு நீ செஞ்சா மட்டும் தெரியாதாக்கும்."

"அதுக்குத்தான் லீவு நாளாப் பாத்து இன்னைக்கு."

"என்னமோ செய். கண்ணாடிய மட்டும் களட்டிராத."

கம்பிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய இரும்புக் கட்டில் கிடந்தது. பொன்னுத்தங்கம் கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. பல வருஷமாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் இல்லாத நேரம் பார்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கால்களை அறுத்தேன். சட்டத்தை அறுத்தேன். தலைமாட்டில் பூவேலை செய்த கம்பி இருந்தது. அதை அறுக்கும்போது மட்டும் வீட்டில் மாமனார் படம் மாட்டியிருக்கிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன்.

வெல்டிங் என்பது தூரத்திலிருந்து பார்க்க மிகவும் சுலபமான வேலை. கிட்டே போனால் ராடு ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் வர மறுக்கிறது. வந்தால் கம்பியில் ஓட்டை விழுந்திருக்கிறது. சாயங்காலம் அசன் மாமா வந்தபோது கேரியர் தரையில் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. நான்காவது கால் காற்றில் இருந்தது. அவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கால் கழன்று அவர் காலடியில் விழுந்தது.

"இது ஒட்ட வச்சது மாப்ளே. பத்த வச்சதில்ல."

"ஒரே விஷயந்தான மாமா."

"சிவகாசியில வேலை பாத்துக்கிட்டுப் பத்த வைக்கத் தெரியாத ஆளு நீ ஒருத்தன்தான்."

திரும்பவும் பற்றவைத்தேன். இந்தத் தடவை விழவில்லை. கேரியரின் காலைக் கூரை ஓரத்துப் பள்ளத்தில் கவ்வ வைத்தால் வழுக்கியது. வேறு வழியில்லாமல் வேன் கூரையில் துளை போட்டு போல்ட் மாட்டினேன். ஒரு துளை சரியாக டிரைவர் சீட்டுக்கு மேலே அமைந்தது. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பொன்னுத்தங்கம் வெளியே வந்து கூரையைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கேரியர். கருப்பட்டி ஏத்தணும்ல."

"உள்ள எடமில்லையா?"

"உள்ள சூடு. உருகிரும்."

"மேல வெயில் படாதாக்கும்."

"காத்து இருக்கும்ல."

அவள் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஒரு கொட்டான் எம்புட்டு நீளம் இருக்கும்?"

"ஒரு சாண்."

"கேரியரு வேனை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

"கொட்டான் நெறைய இருக்கும்ல."

அவள் கையை உயர்த்தி ஒரு கம்பியைத் தொட்டாள். "இதை எங்கனயோ பாத்த மாதிரி இருக்கு."

"எல்லாக் கம்பியும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"பூப் போட்ட கம்பியுமா?"

நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டேன். நிமிர்வதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வேனின் முன் சீட்டில் பொன்னுத்தங்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியூர் போகிற சேலை. மடியில் ஒரு கனமான பை.

"நீ எங்க?"

"நானும் வாரேன். உங்களுக்குக் கருப்பட்டி பாத்து வாங்கத் தெரியாது. கலப்படத்த தலையில கட்டிருவாக."

"ரோடு மோசமா இருக்கும்."

"அப்ப நீங்க மட்டும் எப்படிப் போவீக? ஏறுங்க."

ஏறினேன். அச்சகத்துப் போனில் நாள் சொல்லியிருந்தேன்; அய்யாதுரை கரையில் காத்திருப்பார். எங்களைக் கண்டதும் 'வள்ளம் ரெடி' என்பார். அதைத் தடுக்க வேண்டும். எட்டயபுரத்தில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"இன்ஜின்ல ஒரு சத்தம் வருது. திரும்பிருவமா?"

"எனக்குக் கேக்கலியே. வரும்போது பாத்துக்கிடலாம்."

விளாத்திகுளம் வந்தது. கடைத்தெருவில் ஒரு கடை வாசலிலேயே கருப்பட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் குலதெய்வத்தைக் கண்ட மாதிரி இருந்தது.

"இங்கனயே வாங்கிருவோம். இதுவும் அந்தச் சரக்குத்தான்."

"நீங்க சொல்லி வச்ச எடத்துலதான் வாங்கணும். பாவம், அவுக காத்துக்கிட்டு இருப்பாக."

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கரிசல் காடு. மிளகாய்ச் செடி தண்ணீரில் நின்றது. அவள் வெளியே பார்த்தபடி குழுவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். என் காதில் ஒன்றும் விழவில்லை. வழக்கம்போல 'ம்' போட்டுக்கொண்டு வந்தேன். என் மூளை முழுக்க வேம்பாரில் இருந்தது. ஊர் முகப்பில் கருப்பட்டி மொத்தமாக விற்கிற கிட்டங்கி ஏதாவது இருக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கடற்கரைப் பக்கமே போகக் கூடாது.

கிட்டங்கி ஒன்று வந்தது. பிரேக்கில் கால் வைத்தேன்.

"இங்கன இல்ல" என்றாள் பொன்னுத்தங்கம். "நேராப் போங்க. கோயிலைத் தாண்டி எடது பக்கம் திரும்பணும்."

என் கால் பிரேக்கிலிருந்து தானாக வழுக்கியது. நேராகப் போனேன். இடது பக்கம் திரும்பினேன். மணல். கடல். மணலில் ஒரு வெள்ளை வள்ளம். பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவள் பக்கக் கதவுக்கு வந்தார்.

"வாங்க தங்கச்சி. போன்ல பேசுனது நீங்கதான?"

"ஆமாண்ணாச்சி."

"இது யாரு, டிரைவரா?"

"வீட்டுக்காரரு."

"அப்பச் சரி" என்றார் அய்யாதுரை.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பொன்னுத்தங்கம் இறங்கி, என் பக்கம் வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பேன்.

"போன்ல ரீடயல்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்குனா நீங்க கடைசியா யாருகிட்டப் பேசுனீகளோ அவுக வருவாக."

"தெரியும்."

"கண்மாய் மீன் குத்தகை எங்க குழுவுக்கு வந்திருக்கு. தீவனம் போட, வலை விட ஒரு வள்ளம் வேணும். எங்க போய்த் தேடுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம். அப்பப் பாத்து நீங்க வெல்லம் வாங்குனீக."

"குத்தகையா? எப்ப?"

"போன மாசமே சொன்னேன். 'ம்'ன்னீக. இப்ப விளாத்திகுளம் தாண்டுனதுல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு வாரேன். அதுக்கும் 'ம்'தான்."

"அப்ப இந்த வள்ளம்?"

"குழு வள்ளம். குழுப் பணம்."

"எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க எங்கிட்ட நேரா கேட்டீகளா?" கடலைப் பார்த்தாள். "எனக்கு வள்ளம் வேணும். நீங்க அதுல ஏறக் கூடாது. அதுக்கு வேற வழி தெரியல. இறங்கி உங்க வெல்லத்த ஏத்துங்க."

அய்யாதுரை இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். வள்ளம் கூரைக்குப் போயிற்று. கேரியர் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது.

"கவுத்துப் போடுங்க. வானம் இருட்டிக்கிட்டு இருக்கு" என்றார் அய்யாதுரை.

எனக்கு அன்றைக்கு எல்லாம் போய்விட்டது. வள்ளம் போய்விட்டது, ரகசியம் போய்விட்டது, ஒரு டிரைவருக்கு உள்ள மரியாதைகூட மிஞ்சவில்லை. சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வழியாக, மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஒரு வெள்ளை வள்ளத்தோடு போக வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் பாக்கி. அதை விட மனசில்லை.

"வள்ளம்னா நிமிந்துதான் போகணும்" என்றேன்.

அய்யாதுரை பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார். அவள் கேரியரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவுக இஷ்டம்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அய்யாதுரை வள்ளத்தின் பின்பக்கத்தைக் காட்டி அவளிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு ரப்பர் மூடி. தொலைந்துவிடாமல் இருக்க இறுக்கி மாட்டியிருக்கிறாராம். எனக்கு அதில் அக்கறை இல்லை. பிறகு கிட்டங்கிக்குப் போய்க் கருப்பட்டிக் கொட்டான்களை வாங்கிப் பின் சீட்டில் அடுக்கினோம். உருகவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

விளாத்திகுளம் தாண்டியதும் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. முன்னால் ரோடு தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் போட்ட துளை என்னைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது.

"மேல என்ன சத்தம்?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"மழை."

"மழை கூரையில விழும். இது கூரைக்கு மேல ஆடுது."

காதைக் கொடுத்துக் கேட்டேன். பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நடந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு சத்தம். தளும்பல். நிமிர்ந்து போகிற வள்ளம் ஒரு தொட்டி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மழை அதை நிரப்பிக்கொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு கண்மாய் வந்துகொண்டிருந்தது.

பிரேக்கை லேசாக அமுக்கினேன். தண்ணீர் முன்பக்கம் பாய்ந்து கண்ணாடி முழுக்கத் திரையாக இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை. காலை எடுத்தேன். தண்ணீர் பின்னால் ஓடியது. வேன் மூக்கைத் தூக்கியது. கூரை மெல்ல மெல்ல இறங்கி என் தலைமுடியைத் தொட்டது.

"மெதுவா நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தப் பார்த்த நேரத்தில் எதிரே ஒரு பஸ். ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இடது பக்கம் ஒதுங்கினேன். இடது பக்கச் சக்கரம் இரண்டும் தாரை விட்டு இறங்கின. கரிசல் மண் அவற்றைக் கவ்விக்கொண்டது. வேன் சாய்ந்தது. மேலே இருந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் புரண்டது. டக் என்று ஒரு சத்தம். என் வெல்டிங் ஒன்று விட்டுவிட்டது.

அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

பொன்னுத்தங்கம் சாய்ந்த பக்கத்தில் இருந்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடை, கலங்கிய வெள்ளம். வள்ளம் விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழும். வேன் புரண்டால் அந்தப் பக்கம்தான் புரளும்.

"பொன்னு, அசையாத."

"நீங்க அசையாதீக. நீங்க அந்தப் பக்கம் கனமா இருக்குறதாலதான் வண்டி நிக்குது."

அவள் தன் பக்கக் கதவைத் திறக்கவில்லை. சீட்டுக்கு இடையில் நுழைந்து, கருப்பட்டிக் கொட்டான்களைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த கதவை நகர்த்தி ரோட்டில் இறங்கினாள். இறங்கியதும் வேன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. டக். இன்னொரு வெல்டிங். நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன். இந்தத் தொப்பையைப் பற்றி அவள் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது அதுதான்.

கண்ணாடியில் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்க பம்பரில் ஏறி நின்றாள். ஒரு கையால் என் மாமனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை வள்ளத்துக்கு நீட்டினாள். எட்டவில்லை. எக்கினாள். வேன் ஆடியது.

"பொன்னு, எறங்கிரு. வள்ளம் போனாப் போகுது."

அதை நான் மனசாரச் சொன்னேன். எனக்கு அப்போது உலகத்தில் எந்தப் படகும் வேண்டாம். அவள் அந்தப் பம்பரிலிருந்து இறங்கினால் போதும்.

"சும்மா இருங்க. வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது."

"வண்டி நிக்குதே."

"நின்னாலும் பேசாதீக."

அவள் கை எதையோ பிடித்துத் திருகியது. திருகினாள். மறுபடி திருகினாள். மூடி வந்தது. பம்புசெட் வாய்க்காலில் விழுகிற மாதிரி தண்ணீர் ரோட்டில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூரை என் தலையை விட்டு எழும்பியது. வேன் மூச்சு விடுவது போல நிமிர்ந்தது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அவள் நனைந்துபோய் என் ஜன்னலுக்கு வந்தாள். கையில் அந்த ரப்பர் மூடி.

"இப்ப எறங்கலாம்."

அவளே கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கொஞ்ச தூரம் தள்ளி நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் சில பேரும் நனைந்துகொண்டே வந்தார்கள். வள்ளத்தைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். வேனைத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்ததும் கண்டக்டர் கேட்டார்.

"இதை எதுக்கு நிமித்தி வச்சுக் கொண்டு போனீக?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டயரைப் பார்த்தேன்.

"எங்க ஊருல தண்ணிக் கஷ்டம்" என்றாள் பொன்னுத்தங்கம். "போற வழியில புடிச்சுட்டுப் போகலாம்னாரு."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு கட்டு நைலான் கயிற்றை வெளியே எடுத்தாள். விட்டுப்போன கால் இரண்டையும் சேர்த்து, வள்ளத்தைச் சுற்றி, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு இறுக்கிக் கட்டினாள்.

"இம்புட்டுக் கயிறு எதுக்குக் கொண்டாந்த?"

"நீங்க பத்த வச்சதைப் பாத்தேன்ல."

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் வந்தோம். வள்ளம் குப்புறக் கிடந்ததால் யாருக்கும் அது வள்ளமாகத் தெரியவில்லை. ஒரு தெரிந்தவர் மட்டும், மாடிக்குப் புதுசாத் தண்ணித் தொட்டி போடுறீகளா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்மாய்க் கரையில் குழுவே கூடி நின்றது. சாலிஹா அக்கா, சோலையம்மாள், இன்னும் நிறையப் பேர். எல்லோருக்கும் எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வேனைக் கண்டதும் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை. வள்ளத்தை இறக்கிச் சந்தனம் பூசி, மாலை போட்டுத் தண்ணீரில் தள்ளினார்கள். மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. பொன்னுத்தங்கமும் சோலையம்மாளும் இன்னொருத்தியும் ஏறிக்கொண்டார்கள். மூன்று பேரும் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். துடுப்பு விழ விழ வள்ளம் நடுக் கண்மாய்க்குப் போனது. அழகாகத்தான் போனது.

நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். அசன் மாமா வேனைச் சுற்றி வந்து கேரியரைத் தடவிப் பார்த்தார். பொன்னுத்தங்கம் கட்டிய முடிச்சுகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாளைக்கு வண்டிய பட்டறையில விடு மாப்ளே. இந்தக் கண்றாவிய அறுத்து எடுத்திருவோம்."

"முதல் வேலை அதுதான் மாமா" என்றேன். அந்தக் கம்பியை இனி என் கண்ணால் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

தண்ணீருக்கு மேல் குரல் நன்றாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. நடுக் கண்மாயிலிருந்து பொன்னுத்தங்கம் பேசினாள். சத்தம் போட்டுக்கூட இல்லை.

"அசன் மாமா, அதை அறுத்துராதீக. நீங்களே நல்லாப் பத்த வச்சுக் குடுங்க. காரியாபட்டிப் பக்கம் ஒரு குழுவுக்கும் வள்ளம் வேணுமாம். அய்யாதுரை அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்காரரு போய் எடுத்துட்டு வந்துருவாரு."

வேண்டாம், முடியாது என்று நான் இரண்டு கையையும் தூக்கி பலமாக ஆட்டினேன். வள்ளத்தில் இருந்த மூன்று பேரும் சந்தோஷமாகத் திருப்பி ஆட்டினார்கள்.